பார்க்காமலே எழுதிய தீர்ப்பு

பழைய திகில் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்கு இது எதிர்வினை. கட்டுரையாளர் வைத்திருக்கும் வாதங்கள் நான்கு. அந்தப் படங்கள் இன்று யாரையும் பயமுறுத்துவதில்லை, ஆகவே காலாவதியாகிவிட்டன. அவற்றின் தொழில்நுட்பம் அட்டைச் செட்டும் சாயம் பூசிய முகமும்தான். பூதம் சாகும், நல்லவன் பிழைப்பான், ஊர் நிம்மதியாகத் தூங்கும் என்ற ஒரே கதையை அவை திருப்பித் திருப்பிச் சொன்னன. இன்றைய சினிமாவில் அவற்றின் தாக்கம் இருப்பதாக ரசிகர்கள் சொல்வது வெறும் இளமைக்கால ஏக்கம்.

நான்குமே தவறு. மூன்றாவது வாதம், அவர் அந்தப் படங்களைக் கடைசிவரை பார்க்கவே இல்லை என்பதற்கு ஆதாரம். பார்க்காத படத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டுமா என்று நண்பர்கள் கேட்டார்கள். வேண்டும். நூறு ஆண்டு உழைப்பை ஒருவர் இரண்டு பக்கத்தில் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போகும்போது, அந்தப் படங்களை நேசிக்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது பெருந்தன்மை ஆகாது.

முதல் வாதத்தை எடுத்துக்கொள்வோம். ‘நாஸ்ஃபெராட்டு’ பார்த்தபோது தமக்குப் பயமே வரவில்லை, அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்கிறார். எப்படித் தெரிந்தது என்று அவர் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டார்.

ரத்தக் காட்டேரி வெயில் பட்டால் அழியும் என்பது இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட ‘டிராகுலா’ நாவலில் அப்படி இல்லை. அதில் டிராகுலா லண்டனில் பட்டப்பகலில் நடமாடுகிறான். பகலில் அவன் சக்தி குறையும், அவ்வளவுதான். விடியல் வெளிச்சம் காட்டேரியைக் கொல்லும் என்பதை 1922-இல் திரையில் நிறுவியது எஃப். டபிள்யூ. முர்னாவின் ‘நாஸ்ஃபெராட்டு’. பின்னால் வந்த படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் காமிக்ஸும் வீடியோ கேமும் அந்த முடிவை எடுத்தாண்டு எடுத்தாண்டு, அது ஏதோ ஆதிகாலத்து நாட்டார் நம்பிக்கை என்று உலகமே நினைக்கும்படி ஆகிவிட்டது. கட்டுரையாளருக்கு முடிவு முன்கூட்டியே தெரிந்ததற்குக் காரணம், அந்த முடிவைக் கண்டுபிடித்த படத்தின் நூற்றுக்கணக்கான வாரிசுகளை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார் என்பதுதான். வாரிசுகளைப் பார்த்துவிட்டு வந்து, மூலவரிடம் புதுமை இல்லை என்று குறை சொல்கிறார்.

ஃபிராங்கன்ஸ்டைனின் பூதம் என்றதும் அவர் மனத்தில் வரும் உருவத்தை எண்ணிப் பார்க்கட்டும். தட்டையான மண்டை, கனத்த இமைகள், கழுத்தின் இரு பக்கமும் உலோக முனைகள். மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட நாவலில் இந்த உருவம் கிடையாது. அங்கே வருவது மஞ்சள் தோலும் நீண்ட கருங்கூந்தலும் கொண்ட உயிர். நமக்குத் தெரிந்த முகத்தை உருவாக்கியவர் யுனிவர்சல் ஸ்டுடியோவின் ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ். ஜேம்ஸ் வேல் இயக்கிய 1931-ஆம் ஆண்டுப் படத்துக்காகப் போரிஸ் கார்லாஃபை நாள்தோறும் மணிக்கணக்கில் நாற்காலியில் உட்காரவைத்து அதை உண்டாக்கினார். ஒரு நாவல் பாத்திரத்தின் முகத்தையே ஒரு படம் மாற்றி எழுதியிருக்கிறது. இன்று நாவலைப் படிக்கிறவர்களுக்கும் அந்தப் படத்தின் முகம்தான் குறுக்கே வந்து நிற்கிறது. தாக்கம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பயம் ஒன்றுதான் திகில் படத்தின் அளவுகோல் என்பதும் ஏற்கத்தக்கதல்ல. முதல் தடவை பார்க்கும்போது திடுக்கிடுவோம். நல்ல படமாக இருந்தால் அடுத்த தடவை வேறொன்று கிடைக்கும். மாக்ஸ் ஷ்ரெக்கின் ஓர்லாக் பிரபு கப்பலின் மேல்தளத்தில் நடந்து வரும் காட்சியில் நான் இப்போது பார்ப்பது, அவனோடு ஊருக்குள் வரப்போகும் எலிகளையும் கொள்ளைநோயையும். முதல் உலகப் போரையும் அதையொட்டிப் பரவிய விஷக்காய்ச்சலையும் கடந்துவந்த ஜெர்மனி எடுத்த படம் அது. வாசலில் சாக் கட்டியால் குறியிட்டுக்கொண்டே போகிறார் அதிகாரி. தெரு நடுவே சவப்பெட்டிகள் வரிசையாகப் போகின்றன. அன்றைய பார்வையாளர்களில் பலர் சாவு விழுந்த வீட்டிலிருந்து வந்திருப்பார்கள். நாற்காலியிலிருந்து தம்மைத் துள்ளவைக்கவில்லை என்பதற்காக இதையெல்லாம் தள்ளிவிடுகிறவருக்குத் திகில் படத்தில் வேண்டியது வேறு ஏதோ.

இரண்டாவது வாதம் தொழில்நுட்பம். இங்கேதான் அவர் அறியாமை அப்பட்டமாகத் தெரிகிறது.

ரூபன் மாமூலியன் 1931-இல் எடுத்த ‘டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைடு’ படத்தில், டாக்டரின் முகம் கண்ணெதிரே அரக்க முகமாகக் கறுத்துக் கோணலாவதைக் காணலாம். கட் இல்லை. ஒரு பிம்பத்தின் மேல் இன்னொன்றைப் படியவைக்கும் பழைய வித்தையும் இல்லை. ஃபிரெட்ரிக் மார்ச்சின் முகத்தில் குறிப்பிட்ட நிறத்தில் ஒப்பனைக் கோடுகள் போட்டு, அதே நிற ஃபில்டர் வழியாகப் படம் பிடித்தார்கள். அப்போது கோடுகள் தெரியாது. ஃபில்டரை மெல்ல நகர்த்தி மாற்று நிறத்தைக் கொண்டுவந்ததும், மறைந்திருந்த கோடுகள் தோலுக்குள்ளிருந்து எழும்பி வருவதுபோலத் தெரியும். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் நிறம் மாறியது யாருக்கும் தெரியாது. இந்த ரகசியத்தை மாமூலியன் பல ஆண்டுகள் வெளியில் சொல்லவில்லை. ஒளியும் வேதியியலும் தெரிந்த ஒளிப்பதிவாளர் கார்ல் ஸ்ட்ரஸ் இல்லாமல் இது நடந்திருக்காது. மார்ச்சுக்கு அந்த வேடத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. இதற்குச் ‘சாயம் பூசிய முகம்’ என்று பெயர் வைக்கிறவருக்குச் சினிமா எப்படி எடுக்கப்படுகிறது என்பதே தெரியவில்லை.

அட்டைச் செட்டுக்கு வருவோம். 1942-இல் ஆர்.கே.ஓ. நிறுவனம் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளரிடம் ‘கேட் பீப்பிள்’ என்ற தலைப்பை மட்டும் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னது. செலவானது சுமார் 1,34,000 டாலர். ஆர்சன் வெல்ஸின் ‘தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’ படத்துக்குப் போட்ட மாடிப்படிச் செட்டையே திரும்பப் பயன்படுத்தினார்கள். ஆமாம், அது பழைய செட்தான். அதை வைத்துக்கொண்டு லூட்டனும் இயக்குநர் ஜாக் தூர்னரும் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

இரவு. ஆலிஸ் என்ற பெண் பூங்காவின் மதிலோரமாகத் தனியே நடந்துபோகிறாள். பின்னால், தான் சிறுத்தையாக மாறிவிடுவேன் என்று நம்பும் ஐரீனா வருகிறாள். தெருவிளக்கு வெளிச்சம் ஒரு வட்டம், அப்புறம் இருட்டு, அப்புறம் இன்னொரு வட்டம். இரண்டு பெண்களின் செருப்புச் சத்தம் மாறி மாறிக் கேட்கிறது. பின்னணி இசை கிடையாது. திடீரென்று ஒரு ஜோடிக் காலடிச் சத்தம் நின்றுபோகிறது. ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள். தெரு காலி. வேகமாக நடக்கிறாள், ஓடுகிறாள், விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். காதருகே சீறல். வலப்புறத்திலிருந்து திரையைக் கிழித்துக்கொண்டு வந்து நிற்கிறது ஒரு பஸ். சீறியது அதன் பிரேக்.

சிறுத்தையைக் காட்டவில்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை, நமக்கு மட்டும் மூச்சு நின்றுபோகிறது. எங்கள் திரைப்படக் கழகத்தில் இந்தப் படத்தைத் திரையிட்டபோது, கையில் போனோடு உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவர்கள் அந்த பஸ் வந்த நொடியில் ஒட்டுமொத்தமாகத் துள்ளினார்கள். பழைய படம் யாரையும் பயமுறுத்தாது என்று எழுதியவர் அன்று அந்த அரங்கில் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் காட்சியை வெட்டி ஒட்டியவர் படத்தொகுப்பாளர் மார்க் ராப்சன். அதற்குப் பின் லூட்டன் குழு இந்த உத்திக்கே ‘பஸ்’ என்று பெயர் வைத்தது. திகிலைப் படிப்படியாக ஏற்றி, எதிர்பாராத திசையிலிருந்து சாதாரணமான ஒன்றைப் பாயவிடுவது. இன்று ஊர் ஊராக ஓடும் பேய்ப் படங்களில் கதவைத் திறந்தால் பூனை தாவுவதும், கண்ணாடி அலமாரியை மூடினால் பின்னால் ஆள் நிற்பதும் அந்த பஸ்ஸின் பேரப்பிள்ளைகள். கட்டுரையாளர் பாராட்டும் நவீனத் திகில் படங்கள் அதைக் கால் மணிக்கொரு தரம் செலவழிக்கின்றன. லூட்டன் பொறுமையாகக் காத்திருந்து அதைச் செய்தார். சிக்கனம் அவருக்குப் பணத்தில் மட்டும் இருந்த ஒன்றல்ல.

‘சைக்கோ’வின் குளியலறைக் காட்சியில் ரத்தத்துக்குப் பதில் சாக்லேட் சிரப்பைப் பயன்படுத்தினார்கள் என்பதை ஒரு குற்றச்சாட்டாகவே எழுதியிருக்கிறார். உண்மைதான். அது கறுப்பு வெள்ளைப் படம். சிரப்தான் அந்தப் படச்சுருளில் ரத்தம்போலத் தெரியும் என்று ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக் அறிந்திருந்தார். ஒரு நிமிடம்கூட ஓடாத அந்தக் கொலைக்கு 7 நாள் படப்பிடிப்பு நடந்தது. கேமராவை 78 இடங்களில் வைத்து எடுத்தார்கள். கத்தி வருகிறது, வாய் திறக்கிறது, கை துழாவுகிறது, தண்ணீர் ஓடுகிறது. உடலைக் குத்திக் கிழிப்பதை நாம் பார்த்ததாக நினைக்கிறோம். அந்தக் கிழிசலைச் செய்தது படத்தொகுப்பு. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் அதை மீறி, தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதிக் கேட்கவைத்தார். ஹிட்ச்காக் மனம் மாறினார். வயலின் கிறீச்சிட்டால் கத்தி வரப்போகிறது என்று இன்று உலகெங்கும் ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிவது 1960-இல் எடுத்த அந்த முடிவால்தான். நம் ஊரிலும் அந்தப் படத்தின் நிழல் விழுந்திருக்கிறது. பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’யைப் பார்த்தவருக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது வாதம்தான் என்னை உண்மையிலேயே கோபப்படுத்தியது. ‘பூதம் சாகும், நல்லவன் பிழைப்பான்’ என்ற எளிய கதை என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டார்.

‘நாஸ்ஃபெராட்டு’வில் காட்டேரியை விடியும்வரை தன் அறையில் பிடித்துவைப்பவள் எல்லன். அவனோடு அவளும் சாகிறாள். கணவன் வந்து சேரும்போது அவள் உயிர் பிரிகிறது. இதில் நல்லவன் பிழைத்த கதை எங்கே இருக்கிறது?

‘ஃபிராங்கன்ஸ்டைனில்’ ஏரிக்கரைக் காட்சி. ஊரே பார்த்து அஞ்சும் பூதத்திடம் மரியா என்ற சின்னப் பெண் பயமின்றி வந்து கையைப் பிடிக்கிறாள். பூவைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும் என்று காட்டுகிறாள். பூதம் மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போடுகிறது, சிரிக்கிறது. படம் முழுவதிலும் அதற்குக் கிடைக்கும் ஒரே மகிழ்ச்சி அது. பூக்கள் தீர்ந்துவிடுகின்றன. வெறும் கையைப் பார்க்கிறது. இவளும் பூப்போல மிதப்பாள் என்று நினைத்துக் குழந்தையைத் தூக்கி ஏரியில் போட்டுவிடுகிறது. அவள் மிதக்கவில்லை என்று தெரிந்ததும் கார்லாஃபின் கைகள் தவிக்கும் தவிப்பு இருக்கிறதே, அதைப் பார்த்த எவரும் அந்த உயிரைப் பூதம் என்று மறுபடி சொல்லமாட்டார்கள்.

தணிக்கையாளர்கள் இந்தக் காட்சியின் முடிவை வெட்டினார்கள். பல ஆண்டுகள் ஓடிய பிரதியில், பூதம் குழந்தையை நோக்கிக் கை நீட்டுவதோடு காட்சி முடிந்துவிடும். பிறகு தகப்பன் மகளின் உடலை ஏந்தியபடி ஊர்த் திருவிழாவுக்கு நடுவே வருவான். இடையில் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்பவர் கற்பனை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. அது படத்தில் இருந்ததைவிடக் கொடூரமாகவே இருந்திருக்கும். ஒன்றும் அறியாமல் செய்த பிழையை வெட்டு ஒரு கொடுங்குற்றமாக்கியது. அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் அந்தத் துண்டு மீண்டும் படத்தில் சேர்ந்தது. கட்டுரையாளர் தம் கட்டுரையில் செய்திருப்பதும் அந்தத் தணிக்கையாளர்களின் வேலைதான். இரக்கம் இருக்கும் இடத்தை வெட்டிவிட்டு, இது வெறும் பூதக் கதை என்கிறார்.

ஜார்ஜ் ரொமெரோ பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் லட்சத்துச் சொச்சம் டாலரில் எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ வெளியானது 1968 அக்டோபரில். அந்த ஏப்ரலில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். நாயகன் பென் வேடத்தில் நடித்தவர் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர். பிணங்கள் எழுந்து வந்து வீட்டை முற்றுகையிடுகின்றன. உள்ளே இருப்பவர்கள் ஒருவரோடொருவர் சண்டையிட்டே சாகிறார்கள். பென் மட்டும் இரவு முழுக்கத் தாக்குப்பிடிக்கிறான். காலையில் காப்பாற்ற வந்தவர்கள், சன்னலில் தெரிந்த அவனையும் பிணம் என்று நினைத்துத் தூரத்திலிருந்தே சுட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு வருபவை அசையாப் படங்கள். கொக்கிகளால் இழுக்கப்படும் உடல், குவித்த விறகு, தீ. அந்தப் பத்தாண்டில் அமெரிக்கச் செய்தித்தாளில் தினமும் வந்த புகைப்படங்களின் சாயலில் ரொமெரோ அதை முடித்தார். நல்லவன் பிழைத்து ஊர் நிம்மதியாகத் தூங்கிய கதை என்று இதையும் சேர்த்துச் சொல்கிறவர், படம் முடியும் முன்பே எழுந்து போயிருக்க வேண்டும், அல்லது உட்காரவே இல்லை.

நான்காவது, தாக்கம் என்பது ஏக்கம்தான் என்ற வாதம். இதை உடைக்க ஊர்களும் ஆண்டுகளும் போதும். ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில் கேமராவைக் கையாண்ட கார்ல் ஃபிராய்ண்ட் ஜெர்மனியிலிருந்து ஹாலிவுட் வந்தார். 1931-இல் பேலா லுகோசியின் ‘டிராகுலா’வுக்கு ஒளிப்பதிவு செய்தார். அடுத்த ஆண்டே ‘தி மம்மி’யை இயக்கினார். பெர்லினின் நிழல் அந்த வழியில் கலிஃபோர்னியாவுக்குப் போனது. லூட்டனிடம் தொழில் பழகிய ராபர்ட் வைஸ் 1963-இல் ‘தி ஹான்டிங்’ எடுத்தார். பேயைக் காட்டாமல் ஒரு மரக்கதவை மூச்சுவிட வைத்தார். ஜான் கார்பென்டர் 1978-இல் ‘ஹாலோவீன்’ எடுத்தபோது, டாக்டருக்கு ‘சைக்கோ’ பாத்திரத்தின் பெயரான லூமிஸ் என்றே வைத்தார். ‘சைக்கோ’வின் குளியலறையில் கொல்லப்படும் பெண்ணாக நடித்த ஜேனட் லீயின் மகள் ஜேமி லீ கர்டிஸைக் கதாநாயகியாக்கினார்.

கியர்மோ டெல் டோரோ சிறுவனாகப் பார்த்த 1954-ஆம் ஆண்டு ‘கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’ படத்தில், அந்த நீர்வாழ் உயிருக்குக் காதலி கிடைக்கவில்லையே என்று வருந்தினார். அந்த வருத்தத்திலிருந்து ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’ பிறந்தது. சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட அதற்கு 4 ஆஸ்கர் விருதுகள். ‘கெட் அவுட்’ எழுதிய ஜோர்டன் பீல், ரொமெரோவின் பென்னுக்குத் தாம் பட்ட கடனை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ராபர்ட் எகர்ஸ் பள்ளி மாணவனாக இருக்கும்போதே ‘நாஸ்ஃபெராட்டு’வை மேடை நாடகமாகப் போட்டவர். 2024-இல் அதையே படமாக எடுத்தார். மூலப் படம் வந்து அறுபது ஆண்டுக்குப் பிறகு பிறந்தவர் அவர். தாம் பிறக்காத காலத்தின் மேல் ஒருவருக்கு எப்படி இளமைக்கால ஏக்கம் வரும்? இந்தப் படைப்பாளிகளில் ஒருவரைக்கூடக் கட்டுரையில் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டிருந்தால் அவருடைய வாதம் அந்த வரியிலேயே செத்திருக்கும்.

எல்லாப் பழைய திகில் படமும் நல்ல படம் என்று எந்த ரசிகரும் சொல்லவில்லை. யுனிவர்சல் 1940-களில் பூதங்களை ஒன்றோடொன்று மோதவிட்டு எடுத்தவற்றில் பல, காசுக்காகப் பிழிந்த சக்கை. லுகோசியின் ‘டிராகுலா’கூட, டிரான்சில்வேனியாவை விட்டு லண்டன் வந்ததும் மேடை நாடகம்போல விறைத்துப்போகிறது. இதை எங்களைவிடக் கறாராகச் சொல்கிறவர்கள் கிடையாது. நேசிப்பவர்களுக்குத்தான் எந்த ரீலில் படம் தளர்கிறது என்று தெரியும்.

அந்த நேசத்தைத்தான் கட்டுரையாளர் கேலி செய்கிறார். அதற்கும் ஒரு பதில் உண்டு. நாவலுக்கு அனுமதி வாங்காமல் எடுத்ததற்காக ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குத் தொடர்ந்து வென்றார். ‘நாஸ்ஃபெராட்டு’வின் பிரதிகள் எல்லாவற்றையும் அழிக்க 1925-இல் ஜெர்மன் நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டப்படி அவர் பக்கம் நியாயம் இருந்தது. அழித்தும்விட்டார்கள். வெளிநாடுகளுக்குப் போயிருந்த சில பிரதிகள் மட்டும் தப்பின. யாரோ அவற்றைப் பத்திரப்படுத்தினார்கள், திரையிட்டார்கள். பின்னால் காப்பகக்காரர்கள் துண்டு துண்டாகத் தேடிச் சேர்த்து, சாயமும் வசன அட்டைகளும் சரிபார்த்து முழுப் படமாக மீட்டார்கள். இத்தனை பேர் இத்தனை ஆண்டு ஒரு படத்தைத் தூக்கிச் சுமந்ததால்தான், கட்டுரையாளர் அதைப் பார்த்துவிட்டுப் பயம் வரவில்லை என்று எழுதவே முடிந்தது.

ஒருவருக்கு ஒரு படம் பிடிக்காமல் போகலாம். அது அவர் ருசி. அதில் எனக்கு வழக்கில்லை. எதிலும் தாக்கம் இல்லை, எதிலும் கலை இல்லை, எல்லாம் ஒரே கதை என்பதெல்லாம் ருசியின் கணக்கில் வராது. அவை சரிபார்க்கக்கூடிய கூற்றுகள். சரிபார்த்தால் ஒவ்வொன்றும் பொய்யாகிறது. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஓர் இளம் வாசகர் ‘கேட் பீப்பிள்’ பக்கமே போகாமல் இருந்துவிட்டால், அந்த இழப்புக்குப் பொறுப்பு அதை எழுதியவருடையது. கட்டுரையாளர் தாம் பெயர் சொல்லித் தள்ளிய படங்களைக் கடைசி ரீல்வரை உட்கார்ந்து பார்க்கட்டும். பார்த்த பிறகும் அதே கருத்து இருந்தால் காட்சி காட்சியாக எடுத்துவைத்து எழுதட்டும். பதில் சொல்ல நாங்கள் இருக்கிறோம். அதுவரை, அச்சில் ஏறிய பிழைகளுக்குத் திருத்தம் வெளியிடுவது அவருடைய கடமை, அவற்றைச் சரிபார்க்காமல் வெளியிட்ட இந்த இதழின் கடமையும்கூட.